தோட்டா அந்தாளுகிட்ட இருக்கு

எந்தத் துப்பாக்கி வாங்கலாம்னு என்கிட்டயா கேக்குறீங்க, தம்பி? நல்லாக் கேட்டீங்க போங்க. இந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் வராந்தாவுல எத்தனை பேரு உக்காந்திருக்கான். பட்டா மாறலைன்னு ஒருத்தன், வாரிசுச் சான்றிதழ் வரலைன்னு ஒருத்தி. அம்புட்டுப் பேரையும் விட்டுட்டு நேரா என்கிட்ட வந்து நிக்குறீங்களே.

ஓ, இந்த பைலைப் பாத்துட்டீங்களா. ஆமா, ஆயுத உரிமம்னு பெரிசாத்தான் எழுதி வச்சிருக்கேன். உக்காருங்க. இங்கிட்டு வேணாம், அங்கிட்டுத் தள்ளி உக்காருங்க. அந்தத் தூணை மறைக்கிற மாதிரி. தூணுக்குப் பக்கத்துல சாம்பல் கலர் சட்டை போட்டுக்கிட்டு, மடியில மஞ்சப்பையை வச்சுக்கிட்டு ஒரு ஆள் இருக்கான்ல? திரும்பாதீங்க. திரும்பாதீங்கன்னேன்ல. அந்தாளு மூஞ்சி என் கண்ணுல படக் கூடாது. பேரு குருவையா. எனக்கு மச்சான் முறை. என் வீட்டுக்காரி கூடப் பிறந்த அண்ணன். பதினாலு மாசமா அவனுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

ஏலத்தோட்டமா வச்சிருக்கீங்க? பன்னி செடியைத் தோண்டிப் போடுதா. சரி. ஆளுக வேலை பாக்குறப்ப கரடி வேற வருதா. சரி சரி. போன்ல நோண்டிப் பாத்து வச்சிருப்பீங்களே. பம்ப் ஆக்‌ஷன்னு ஒருத்தன் சொல்லியிருப்பான், சினிமாவுல பாத்துட்டு. அதைக் கொண்டுபோயி மழைக்காட்டுல ஒரு ஆடி ஆவணி வச்சிருங்க. சேறும் துருவும் ஏறி பம்ப்பும் நகராது, ஆக்‌ஷனும் நடக்காது. ஒத்தக்குழல்னு ஒருத்தன் சொல்லியிருப்பான். ஒரு வெடி வெடிச்சதும் உங்க கையில இருக்கிறது வெறும் கம்பு. ஏர் கன் போதும்னு எவனாச்சும் சொன்னானா? சொன்னானா? அவன் உங்க சொத்துக்கு வாரிசா இருக்கணும், விசாரிங்க.

எனக்குத் தெரியும் தம்பி. தவசிலிங்கம்னு எங்க ஊர்ல கேட்டுப் பாருங்க, பட்டாளத்துத் தவசியான்னு கேப்பாய்ங்க. பதினேழு வருசம். பனியில கிடந்திருக்கேன், மணல்ல கிடந்திருக்கேன். எந்த ஆயுதம் எந்த எடத்துல வேலைக்காகும்னு எனக்குத் தெரியாம அந்தச் சாம்பல் சட்டைக்கா தெரியும்? அவன் ஆயுசுல பிடிச்ச பெரிய ஆயுதம் தேங்கா திருவுறது.

அதுலதான் வந்துச்சு வினை. கேளுங்க. உங்களை எப்படியும் பன்னெண்டு மணி வரைக்கும் கூப்பிட மாட்டாய்ங்க.

எங்க மலைக்கு மேல ஒரு கம்பெனி கேம்ப் போட்டிருந்துச்சு. பேரு உங்களுக்கு எதுக்கு. ஓடையில எம்புட்டுத் தண்ணி ஓடுதுன்னு வாரா வாரம் அளந்து எழுதுற வேலை. அளந்து பாத்து, அங்க அணை கட்டலாமா வேணாமான்னு எவனோ எங்கயோ உக்காந்து முடிவு பண்ணுவான். பத்துப் பன்னெண்டு ஆளு, நாலு கூடாரம். இந்தக் குருவையாதான் அங்க ஸ்டோர் கீப்பர். ஒரு நாளு சமையக்காரரைக் கரடி விரட்டிருச்சு. அந்த மனுசன் கரண்டியோட இறங்கி ஓடுனவரு, திரும்பி ஏறவே இல்ல. அன்னையிலருந்து சோறு பொங்குறதும் குருவையாதான். அப்பறம்தான் கம்பெனிக்குப் புத்தி வந்து, சொந்தத் துப்பாக்கி, சொந்த லைசென்ஸ் உள்ள கன்மேன் வேணும்னாய்ங்க. குருவையா என் பேரைச் சொன்னான். சொன்னான்தான், இல்லைங்கல. அதுக்காக அவன் போட்ட பிச்சைன்னு ஊர் பூராம் சொல்லித் திரியணுமா? என் தகுதிக்குக் குடுத்த வேலை தம்பி அது.

லைசென்ஸ் வாங்கிட்டேன். துப்பாக்கி எடுக்க மதுரைக்குக் கிளம்புறேன். "நானும் வாரேன் மாப்ள"ன்னு பஸ்சுல ஏறி உக்காந்துட்டான். கூப்பிட்டனா? கூப்பிடல.

கடையில போயி, 315 ரைபிள் காட்டுங்கன்னேன். கடைக்காரர் எடுத்து மேசையில வச்சாரு. அழகுன்னா அழகு. நான் தோள்ல வச்சு ஒரு பார்வை பாத்தேன். அப்பத்தான் இவன் வாயைத் தொறக்குறான். "மாப்ள, அந்த ஓடைப் பக்கம் பத்தடிக்கு அங்கிட்டு என்ன நிக்குதுன்னு கண்ணுக்குத் தெரியாது. அங்க ரைபிளை வச்சு என்ன செய்யப் போறீக? பன்னெண்டு போர்னு ரெட்டைக்குழல் துப்பாக்கி இருக்குல்ல, அதை எடுங்க. ஒரு குழல்ல மேல பாத்து வெடிச்சாப் போதும், அந்தச் சத்தத்துக்கே அம்புட்டும் ஓடிரும். ஓடலைன்னா இன்னொரு குழல் இருக்கு. நமக்கு வேண்டியது ஆளு பிழைக்கணும். கரடி சாகணும்னு இல்லையே."

எப்படிப் பேச்சு பாத்தீங்களா? இருங்க, போன் அடிக்குது. பொம்மி. எங்க கேம்ப்ல காட்டு வழி காட்டுன வேலாண்டின்னு ஒருத்தன், அவன் சம்சாரம். வேலாண்டி இருவத்தி மூணு நாளா பெரியாஸ்பத்திரியில கிடக்குறான். அவனைப் பத்தி வாரேன், அவன்தான் கதையே. இந்தப் பிள்ளை மருந்துச் சீட்டைப் படிச்சுச் சொல்லுங்கண்ணே, நர்சு என்னமோ சொல்லுதுண்ணேன்னு ஒரு நாளைக்கு நாலு தடவை அடிக்கும். அப்பறம் பேசிக்கலாம்.

எங்க விட்டேன்? கடை. நான் பொறுமையாத்தான் கேட்டேன். "மச்சான், பட்டாளத்துல இருந்தது நானா நீங்களா?"

அதுக்கு அவன் சொன்னதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன் தம்பி. கடைக்காரர் இருக்காரு, துப்பாக்கி ரிப்பேருக்கு வந்த ரெண்டு பெரிய மனுசங்க இருக்காங்க. அவங்க முன்னாடி சொல்றான். "மாப்ள, நீங்க பட்டாளத்துல ஸ்டோர்ல கம்பளி எண்ணுனீக. நான் கேம்ப்ல ஸ்டோர்ல அரிசி எண்ணுறேன். நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான். அதனால கடைக்காரரைக் கேட்டு எடுப்போம்."

சிரிச்சாய்ங்க தம்பி. கடைக்காரர் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாரு. அந்தப் பெரிய மனுசங்க பொத்தாமலே சிரிச்சாய்ங்க.

கம்பளி எண்ணுறதுன்னா லேசுப்பட்ட காரியமா? ஆயிரத்து இருநூறு பேரு பனியில நிக்குறான். ஒரு கம்பளி கொறைஞ்சா ஒருத்தன் வெறைச்சுச் சாவான். எனக்குக் கீழ ஒரு கம்பளி காணாமப் போனதில்ல. நீங்களும் சிரிக்கிறீங்களா? இல்லையா? சரி.

அங்கயே அப்பவே 315-ஐக் கட்டச் சொன்னேன். வேற எதையும் பாக்கல. அதுதான் எங்களுக்குள்ள கடைசிப் பேச்சு. திரும்பி வர்ற பஸ்சுல அவன் முன் சீட்டு, நான் பின் சீட்டு. வீட்டுக்காரி அழுது பாத்தா, பட்டினி கிடந்து பாத்தா. "எங்க அண்ணன் வெளையாட்டாச் சொல்லியிருக்கும், நீங்க ஒரு வார்த்தை பேசுனா என்ன"ங்குறா. ஏன், அவன் ஒரு வார்த்தை பேசுனா என்ன? அவன்தானே சொன்னவன்? அவன்தானே மொதல்ல பேசணும்? நியாயத்தைச் சொல்லுங்க.

இம்புட்டுக்கும் ஒரே கேம்ப். ஒரே அடுப்புச் சோறு.

சரி, இப்ப தோட்டா விசயத்துக்கு வாரேன். உள்ள இருக்கிற அதிகாரி இன்னைக்கு என்னைக் குடையப் போறதும் அதைப் பத்தித்தான்.

நான் கேம்ப்புக்குப் போயி எட்டாவது நாள். சாயங்காலம் அஞ்சரை இருக்கும், மழை விட்டு மூடாக்காக் கிடக்கு. புதர்ல கருப்பா ஒண்ணு நிக்குது. ஆடுது. நான் ரைபிளை எடுத்தேன், குறி பாத்தேன், சுட்டேன். சரியா நெஞ்சுல. போய்ப் பாத்தா எஞ்சினியர் ஜெபமணி சார் காயப் போட்ட மழைக்கோட்டு. அதுக்குப் போயி அந்த மனுசன் குதிச்ச குதி இருக்கே. நான் கேட்டேன், "சார், கோட்டுக்குள்ள ஆள் இருந்தாங்களா? இல்லைல்ல? அப்பறம் என்ன? குறியைப் பாருங்க சார், ரெண்டாவது பட்டனுக்கு ஒரு நூல் இங்கிட்டு இல்ல, ஒரு நூல் அங்கிட்டு இல்ல"ன்னு. திறமையை மதிக்கத் தெரியணும் தம்பி. எல்லாருக்கும் வராது.

மறுநாளே சட்டம் போட்டுட்டாரு. துப்பாக்கி தவசிலிங்கம் கையில, தோட்டா ஸ்டோர் கீப்பர் கையில. வெளிய போறப்ப ரெண்டு பேரும் சேந்துதான் போகணும். ஆபத்துன்னா மட்டும் ஸ்டோர் கீப்பர் தோட்டாவை எடுத்துக் குடுக்கணும். லைசென்ஸ் இல்லாத ஆள்ட்ட தோட்டாவைக் குடுக்கிறது குத்தம்னு நான் சொல்லல. சொல்லியிருக்கணும். சொன்னா வேலையிலருந்து தூக்கிருவாய்ங்களோன்னு இருந்துட்டேன்.

எந்த ஸ்டோர் கீப்பர்னு பாத்துக்கோங்க.

அந்தப் பையி காக்கித் துணி, ஒரு முழம் வாரு. அதை மாட்டிக்கிட்டு அவன் நடக்குற நடையைப் பாக்கணுமே, ஜெனரல் தோத்தான். நான் முன்னாடி வெறும் இரும்பைத் தூக்கிட்டு நடக்குறேன், அவன் பின்னாடி என் தோட்டாவைத் தூக்கிட்டு வாரான். முப்பது அடி தள்ளித்தான் வருவான். நான் நின்னா அவனும் நிப்பான். திரும்பி வந்ததும் துப்பாக்கி என் கூடாரத்துக்கு, பை அவன் ஸ்டோருக்கு.

எனக்குப் பை தேவைப்பட்டா, துடைக்கக் கொள்ள, எப்படிக் குடுப்பான்னு நெனைக்கிறீங்க? கையில குடுக்க மாட்டான். நானும் வாங்க மாட்டேன். ஒரு பாறை மேல வச்சுட்டு பத்தடி பின்னால போயி நிப்பான். நான் போயி எடுத்துக்குவேன். சோத்துத் தட்டும் அப்படித்தான், சம்பளக் கவரும் அப்படித்தான். அது ஒரு மரியாதை. சண்டையிலயும் ஒரு முறை இருக்குல்ல.

பேச வேண்டியது வந்தா? அதுக்குத்தான் வேலாண்டி.

வேலாண்டி மலைக்காரன். பளியர். எங்களை விட ரெண்டு மூணு வயசு சின்னவன், நாப்பத்தஞ்சு இருக்கும். ஒல்லியா இருப்பான், கழுத்துல ஒரு பச்சைத் துண்டு. நாங்க மூணு பேரும் ஒரே அடுப்பைச் சுத்தி உக்காந்திருப்போம். நான் சொல்வேன், "வேலாண்டி, அவர்ட்ட சொல்லு, சோத்துல கல்லு கிடக்குன்னு." குருவையா அங்கயே என் முன்னாடிதான் இருப்பான், அவன் காதுல விழுகும். ஆனா கேட்ட மாதிரி காட்டிக்க மாட்டான். வேலாண்டி திரும்பி, "அண்ணே, சோத்துல கல்லு கிடக்காம்" அப்படிம்பான். குருவையா சொல்வான், "கண்ணு தெரியலைன்னா கண்ணாடி போடச் சொல்லு." வேலாண்டி என் பக்கம் திரும்பி, "அண்ணே, நாளைக்கு நல்லா அரிச்சுப் போடுறாராம்"பான்.

மாத்திச் சொல்வான், பாத்துக்கோங்க. மொதல்ல எனக்குக் கோவம் வந்துச்சு. நான் ஒரு தடவை, "அவர் மூஞ்சியைப் பாத்தா எனக்குச் சோறு இறங்கலைன்னு சொல்லு"ன்னேன். இவன் அங்க திரும்பி, "அண்ணே, நீங்க இன்னும் சாப்பிடலையேன்னு கேக்குறாரு"ங்குறான்.  "இந்தா வேலாண்டி, நான் சொன்னதை அப்படியே சொல்லு"ன்னு அதட்டுனேன். "சொன்னா நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்குவீக, அப்பறம் யாரு எனக்குச் சோறு பொங்குறது?"ன்னான். நல்ல மனுசன் தம்பி. நல்ல மனுசன். பதினாலு மாசம் எங்க ரெண்டு பேரு பேச்சையும் அவன் வாய்தான் சுமந்துச்சு.

இருங்க. மறுபடி பொம்மிதான். இங்க பக்கத்துல இருக்கிறவங்க முறைக்கிறாங்க, கட் பண்ணிர்றேன். அதிகாரி உள்ள இருக்காரு, போனை எடுத்தா வெளிய அனுப்பிருவாய்ங்க.

வேலாண்டிகிட்ட எனக்கு ஒரு விசயம் மட்டும் ஒத்து வரல. அவன் காட்டுல நடக்கும்போது வாய் சும்மா இருக்காது. குச்சியை எடுத்து மரத்துல ஒரு தட்டு, "ஓய், ஓய்"னு ஒரு சத்தம், ஒரு இருமல். பத்தடிக்கு ஒரு தடவை. கேட்டா, "நாம வாரோம்னு சொல்லிட்டுப் போகணும்ணே, அது எடம்"பான். எங்கயாச்சும் உண்டா? எதிரி எடத்துக்குள்ள போறவன் தம்பட்டம் அடிச்சுக்கிட்டா போவான்? பட்டாளத்துல எவனாச்சும் ரோந்து போறப்ப வாயைத் தொறந்தா அன்னைக்கே தோலை உரிச்சுருவாங்க. இவன் போடுற சத்தத்துல என் காதுக்கு ஒண்ணும் கேக்கல. நான் சொல்லிட்டேன், "என் கூட வந்தா வாயை மூடிக்கிட்டு வரணும், தட்டுறது கிட்டுறது எல்லாம் கூடாது"ன்னு. அவன் ரெண்டு நாள் முனகுனான். அப்பறம் மூடிக்கிட்டான். குருவையா எப்படியும் பேச மாட்டான். ஆக, நாங்க மூணு பேரும் காட்டுக்குள்ள போனா ஒரு இலை அசையுற சத்தம் கேக்காது. அப்படி ஒரு ஒழுங்கு.

ஆனி மாசம் கடைசி. ஜெபமணி சாருக்குக் காய்ச்சல், வரல. மேல் ஓடையில அளவுக் கம்பைப் பாத்து எழுதிட்டு வரணும். வேலாண்டி முன்னாடி, நான் அஞ்சடி பின்னாடி, அந்தாளு வழக்கம் போல முப்பதடி தள்ளி. காலையில ஒம்பது மணி. வெயில் நல்லாத்தான் அடிக்குது. ஓடைக்கு இறங்குற எடத்துல ஒரு மரம் சாஞ்சு கிடக்கும், அதைச் சுத்தித்தான் போகணும். வேலாண்டி அந்த மரத்தைச் சுத்துறான். அந்தப் பக்கம் கரையான் புத்துக்குள்ள தலையை விட்டுக்கிட்டு நிக்குது கரடி. அதுக்கு எங்க சத்தம் கேக்கல. அது அங்க நிக்குறது எங்களுக்குத் தெரியல. வேலாண்டி கையை நீட்டுனா தொடலாம், அம்புட்டுப் பக்கம்.

அது கத்துச்சு பாருங்க ஒரு கத்து. கரடி கத்தி நீங்க கேட்டதில்லையே? கேக்க வேணாம். நிமிந்துச்சு, அவன் மேல விழுந்துச்சு. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது. கருப்பு முடியும் பச்சைத் துண்டும்.

என் கையில ரைபிள் இருக்கு. உலகத்துலயே நல்ல ரைபிள். உள்ள ஒண்ணும் இல்ல.

இப்ப நான் சொல்றதைக் கவனமாக் கேளுங்க. இதைத்தான் உள்ள எழுதிக் குடுக்கச் சொல்றாய்ங்க. "தோட்டாவை உடனடியாக ஏன் கேட்டுப் பெறவில்லை?" இந்தா, நோட்டீசுலயே இருக்கு, ஏழாவது கேள்வி. ஏன் கேக்கல? யாரு சொன்னா கேக்கலைன்னு? கேட்டேன் தம்பி. சத்தமாக் கேட்டேன். கத்துனேன். "வேலாண்டி, அவர்ட்ட தோட்டா கேளு"ன்னு கத்துனேன்.

என்ன பாக்குறீங்க?

பதினாலு மாசப் பழக்கம் தம்பி அது. வாய் தானா அப்படித்தான் வருது. அதுக்கு நான் என்ன செய்ய?

அந்தாளு மட்டும் என்ன செஞ்சான்னு நெனைக்கிறீங்க? பையைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்தான். வந்தவன் பத்தடியில நின்னான். நின்னுட்டு அவன் சொன்னது இந்தக் காதால கேட்டேன். "வேலாண்டி, அவரை வந்து எடுத்துக்கச் சொல்லு." சொல்லிட்டுப் பையைப் பாறை மேல வச்சான். வச்சுட்டுப் பின்னால போனான். எப்பவும் போல.

பாத்தீங்களா அவன் லட்சணத்தை? கையில குடுத்திருந்தா என்ன? எறிஞ்சிருந்தா என்ன? நான் பிடிச்சிருக்க மாட்டேனா?

நான் எடுத்துக்கிட்டிருந்தா என்னன்னு கேக்குறீங்களா. எடுக்கப் போனேன். அவன் பின்னால போற வரைக்கும் நின்னேன், அப்பறம் போனேன். மெதுவாத்தான் போனேன் தம்பி. பயம்தான். ஒத்துக்கிறேன். அந்தப் பை வாரு பக்கிள் என் கைக்கு அமையல. ஒரு தோட்டாவை எடுத்து உள்ள போட்டு போல்ட்டைத் தள்ளுறேன், அதுக்குள்ள அது அவனை விட்டுட்டு ஓடைக்குள்ள இறங்கிருச்சு. தானாவே போயிருச்சு. நான் மேல பாத்துச் சுட்டேன். சுடாம விடல. அந்த வெடி நோட்டீசுல பதிவாயிருக்கு, ஒரு தோட்டா செலவுன்னு.

மொத்தம் எத்தனை நிமிசம்ங்கிறான் ஆறாவது கேள்வி. வாட்சைப் பாத்துக்கிட்டா நின்னேன்?

முகம்தான். கரடி எப்பவும் முகத்துக்குத்தான் வரும். ஒரு கண்ணு. மூக்கு. வாய் இந்தப் பக்கம் பூராம். தாடை தொங்குது. நான் பச்சைத் துண்டை எடுத்துக் கட்டுனேன். முடிச்சு விழல, அந்தாளு வந்து துண்டோட மறுமுனையைப் பிடிச்சான். ரெண்டு பேரும் சேந்து முடிச்சுப் போட்டோம். அந்தாளு அழுதான். நான் பாக்கல, சத்தம் கேட்டுச்சு.

என் வேட்டியில தூளி கட்டி, ஒரு கம்புல கோத்து, முன்னாடி அவன், பின்னாடி நான். கேம்ப் வரைக்கும் மூணு மைல். அங்கருந்து ஜீப் ரோட்டுக்கு இன்னொரு மைல். ஒரு வார்த்தை பேசல ரெண்டு பேரும். அவன் இறக்கத்துல வேகமாப் போறான். எனக்கு முழங்கால் வலி, ஈடு குடுக்க முடியல. தூளி ஆடுது. நான் சொன்னேன், "வேலாண்டி, முன்னாடி மெதுவாப் போகச் சொல்லு."

தூளிக்குள்ளருந்து முனகுனான் தம்பி. அந்த வாயை வச்சுக்கிட்டு. சொல்லப் பாத்திருக்கான்.

முன்னாடி மெதுவாச்சு.

இருவத்தி மூணு நாளாச்சு. தாடையில கம்பி போட்டிருக்கு. பேச்சில்ல. குழாய் வழியா ஊத்துறதுதான். நான் காலையில போயிப் பாப்பேன், இன்னைக்கு மட்டும்தான் போகல. அந்தாளு சாயங்காலம் போறான். ஒரே நேரத்துல போறதில்ல. அந்த மஞ்சப்பையில என்ன வச்சிருக்கான்னு நெனைக்கிறீங்க? சாத்துக்குடி. இங்க முடிச்சுட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போவான், நர்சம்மாட்ட குடுத்து சாறு பிழிஞ்சு ஊத்தச் சொல்வான். பெரிய கர்ணன். அன்னைக்குப் பையைக் கையில குடுக்காதவன், இப்ப பையைத் தூக்கிக்கிட்டு அலையுறான்.

நீங்க என்ன கேட்டீங்க? துப்பாக்கி. 315-தான் நான் சொல்வேன். இன்னைக்கும் அதைத்தான் சொல்வேன். அந்தாளு உள்ள போயி என்ன சொல்லப் போறான் தெரியுமா? ரெட்டைக்குழல் வாங்கியிருந்தா வெடிச் சத்தத்துக்கே கரடி ஓடியிருக்கும்னு சொல்லுவான். எழுதியே வச்சிருக்கான், என் வீட்டுக்காரி பாத்துட்டு வந்து சொன்னா. ரெட்டைக்குழலா இருந்தாலும் தோட்டா இல்லாம வெடிக்குமாடா? அதைக் கேக்க ஆளில்ல. எந்தத் துப்பாக்கி வாங்குனாலும் தோட்டாவை உங்க பாக்கெட்டுல வைங்க. அவ்வளவுதான் நான் சொல்றது. உங்களுக்கு மச்சான் இருக்காரா? இருக்காரா? தோட்டத்துப் பக்கமே சேக்காதீங்க.

இந்த ஏழாவது கேள்விக்கு என்னதான் எழுதுறது? நீங்க படிச்சவரு, சொல்லுங்க. "கேட்டேன்"னு எழுதுனா, யார்ட்ட கேட்டீங்கன்னு அடுத்த கேள்வி வரும். வேலாண்டிட்டன்னு எழுதுனா, அவன் அப்ப எங்க இருந்தான்னு கேப்பாய்ங்க. ரெண்டு நாளா இந்தப் பேனாவை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

மறுபடி அடிக்குது. என்ன இந்தப் பிள்ளை. இருங்க, எடுத்துர்றேன், முறைச்சா முறைக்கட்டும்.

சொல்லு பொம்மி. ஆபீஸ்ல இருக்கேம்மா, அதான் எடுக்கல. என்னது? அழாமச் சொல்லு. அழாமச் சொல்லு தாயி, ஒண்ணும் புரியல.

எப்ப?

ம்.

ம். யாரு இருக்கா பக்கத்துல? உங்க அண்ணன் வந்துட்டாப்லயா? கையெழுத்து ஒண்ணும் போடாத. நாங்க வந்துர்றோம். வாரேன். நான் வாரேன். இந்தா கிளம்பிட்டேன்.

தம்பி.

பத்தே காலுக்காம். அப்பருந்து அடிச்சிருக்கு. மொத தடவை அடிச்சப்ப நான் உங்ககிட்ட கடைக் கதை சொல்லிக்கிட்டு இருந்தேன்.

ராத்திரியிலருந்து காய்ச்சல் வந்து சரியில்லயாம். காலையில வேலாண்டி கண்ணைத் தொறந்து பொம்மியைப் பாத்தானாம். கையை இப்படி இப்படி ஆட்டுனானாம். எங்க ரெண்டு பேரையும்தான் கேட்டிருக்கணும்னு அந்தப் பிள்ளை சொல்லுது. ரெண்டு வெரலைக் காட்டுனானாம்.

இந்தப் பைலைக் கொஞ்சம் பிடிங்க. ஒரு நிமிசம் இருங்க.

அந்தாளுக்குத் தெரியாது. பாருங்க, இப்பத் திரும்பிப் பாருங்க, பரவால்ல. பழம் நசுங்கிருச்சான்னு பையை அமுக்கிப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். அந்தப் பிள்ளைட்ட இவன் நம்பர் இல்ல. என் நம்பரைத்தான் ஆஸ்பத்திரிச் சீட்டுல எழுதியிருக்கு.

தம்பி, ஒரு ஒத்தாசை செய்யணும். எந்திரிச்சு அவர்ட்ட போங்க. ஏழெட்டு அடிதான். உங்க மாப்ள சொல்லச் சொன்னாருன்னு சொல்லி, வேலாண்டி தவறிட்டான்னு சொல்லுங்க. எடுத்த எடுப்புல சொல்லிராதீங்க, அவருக்குச் சுகர் இருக்கு, படக்குனு கேட்டாத் தலை சுத்தும். உக்காந்திருக்கும்போதே சொல்லுங்க, எந்திரிக்க விட்றாதீங்க. பஸ்சு பதினொண்ணே காலுக்கு இருக்குன்னும் சொல்லுங்க.

நான் எப்படிச் சொல்றது? நீங்க போங்க தம்பி. போங்க.

அவர் ஏதாச்சும் பதில் சொன்னா, அப்படியே வந்து சொல்லுங்க. மாத்திச் சொன்னாலும் பரவால்ல. நான் இங்கயேதான் இருக்கேன்.